துணி வேனும் மூச்சு வகுப்பும்

ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் பச்சை மண்டலம், மஞ்சள் மண்டலம், சிவப்பு மண்டலம் என்று மூன்று வைத்திருக்கிறார்கள். பச்சை என்றால் உட்கார்ந்து காத்திருக்கலாம். மஞ்சள் என்றால் படுத்துக் காத்திருக்கலாம். சிவப்பில் காத்திருக்க விடமாட்டார்கள். என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனவர் யாரையும் கேட்காமல் நேராகச் சிவப்புக்குள் திரும்பினார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

அதற்குக் கொஞ்ச நேரம் முன்பு லாபிஸ் ஊரில் ஓர் அடுக்குமாடிப் படியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தொழில் துணி வேன். என் ஊர் தங்காக்கின் துணிக்கடைகளில் புடவை, வேட்டி, பாவாடைத் துணி என்று மொத்தமாக எடுத்து, தோட்டம், கம்பம் என்கிற மலாய்க் கிராமம், தாமான் என்கிற குடியிருப்பு என்று கொண்டுபோய் விற்பேன். அன்று ஒரு கல்யாண வீட்டுக்குப் புடவை மூட்டையோடு ஏறினேன். முதல் மாடியில் நின்றேன். இரண்டாம் மாடியில் உட்கார்ந்தேன். மூன்றாம் மாடியில் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தால்தான் கொஞ்சம் காற்று போனது. நிமிர்ந்தால் அதுவும் நின்றது. கல்யாண வீட்டுக்காரர்தான் என்னைத் தூக்கிக் காரில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். மூட்டை படியிலேயே கிடந்தது. பிறகு அது ஒரு புடவைகூடக் குறையாமல் வீடு வந்து சேர்ந்தது. அந்த மாடிக்காரர்களுக்கு என் நன்றி.

சிவப்பு மண்டலத்தில் மணிக்கட்டில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். வழக்கமாக எடுக்கும் நரம்பு அல்ல, உள்ளே துடிக்கிற நாடி. நன்றாக வலிக்கும். சொல்லிவைக்கிறேன், எதிர்பார்த்துப் போங்கள். பிறகு முகத்தில் ஒரு முகமூடியை வார்போட்டு இறுக்கினார்கள். அது ஒரு மெஷினோடு சேர்ந்தது; நாம் இழுக்கும்போது அதுவே காற்றை உள்ளே தள்ளும். ஹைவேயில் மோட்டார் சைக்கிளில் வாயைத் திறந்துகொண்டு போனால் எப்படியோ அப்படி இருந்தது. முதலில் அதைப் பிய்த்துப் போடப் பார்த்தேன். ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், கையைப் பிடித்துக்கொண்டு, "சண்டை போடாதீங்க, பாக்சிக். மெஷின் தள்ளும்போது விடுங்க, அது உங்க கூட்டாளி" என்று மலாயில் சொன்னார்; பாக்சிக் என்றால் மாமா. விட்டேன். கொஞ்ச நேரத்தில் கூட்டாளியாகிவிட்டது.

என் மனைவி பத்மாவைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். முகமூடிக்குள் இருந்து பார்த்தேன். கண்ணை மூடி, கைகூப்பி, உதடு அசைய நின்றாள். சாமியிடம் ஏதோ பேரம் பேசுகிறாள் என்று தெரிந்தது. என்ன பேரம் என்பது பிறகுதான் தெரிந்தது.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஊதும் சோதனை வைத்தார்கள். மூக்கைக் கிளிப்பால் அடைத்துவிட்டு, ஒரு குழாயில் ஒரே மூச்சாக ஊதச் சொல்வார்கள். சோதனை செய்த பையன் பந்து விளையாட்டுப் பார்ப்பவன் மாதிரி, "லாகி! லாகி! லாகி!" என்று கத்தினான். இன்னும், இன்னும் என்று அர்த்தம். எனக்கு இன்னும் இல்லை. வந்ததே அவ்வளவுதான்.

வார்டு டாக்டர் நம் தமிழ்ப் பிள்ளை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தே பேசினார்.

"அங்கிள், எத்தன வருஷமா சிகரெட்டு?"

"மீச மொளச்சதுலேருந்து."

"எப்ப விட்டீங்க?"

"மீச நரைச்சிருச்சு டாக்டர், இன்னும் விடல."

அவர் சிரிக்கவில்லை. வேறு என்ன வேலையெல்லாம் செய்தேன் என்று கேட்டார். ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயப்போடும் புகைவீட்டில் இருந்திருக்கிறேன். பாசிர் கூடாங் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டி கழுவியிருக்கிறேன். சிங்கப்பூரில் கப்பல் துரு தட்டியிருக்கிறேன். லாரி ஓட்டியிருக்கிறேன். ஒரு இடத்தில் இரண்டு வருஷம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க பொகை இல்லாத எடத்துல வேலையே பாக்கல போல" என்றார்.

பிறகு நோயைச் சொன்னார். நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்று பெயர். "நுரையீரல்ல காத்துப் போற கொழாயெல்லாம் வீங்கி ஒடுங்கிருச்சு. காத்து உள்ள போயிருது, முழுசா வெளிய வர மாட்டேங்குது. பழைய காத்து உள்ளேயே தங்கிட்டா புதுசுக்கு எடம் ஏது, அங்கிள்?"

இது எனக்கு உடனே விளங்கியது. விற்காத சரக்கு வேனில் தேங்கிக் கிடந்தால் புதுச் சரக்கு ஏற்ற முடியாது. ஆக, எனக்கு இழுப்பது பிரச்சினை இல்லை, விடுவதுதான் பிரச்சினை. இத்தனை வருஷமாக இழுக்கத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

"கொணமாயிருமா?"

"கெட்டது கெட்டதுதான். மேல கெடாம பாத்துக்கலாம். சிகரெட்டு இன்னியோட முடிஞ்சுது. மூணு மாசம் கழிச்சு வாங்க. சும்மா இருக்கும்போது ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு, நடந்தா எவ்வளவு எறங்குதுன்னு பாப்போம். அப்பவும் கொறைச்சலா இருந்தா வீட்டுல ஆக்சிஜன் மெஷின் போடணும். நாள்ல முக்காவாசி நேரம் மூக்குல டியூப் இருக்கணும்."

"வேன்ல வச்சுக்கலாமா?"

"அது சுவத்துல பிளக் குத்துற மெஷின், அங்கிள். கையில தூக்கிட்டுப் போறது இருக்கு. அதோட வெல ஒங்க வேன் வெல."

நோயின் பெயரைக் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை. இதைக் கேட்டபோது வந்தது. நாள் முழுக்க ஒரு சுவரோடு கட்டிப்போட்ட இந்த மணியத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தோட்டத்து நாயைக்கூட அப்படிக் கட்ட மாட்டோம்.

அன்று சாயங்காலம் இயன்முறை மருத்துவப் பிரிவிலிருந்து புவான் ரோஸ்னா என்பவர் வந்தார். அவர் மலாயில்தான் பேசுவார். நான் தமிழில் எழுதுகிறேன்; சில இடங்களில் பேச்சின் கடைசியில் ஒட்டும் 'லா'வையும், திருவுக்கு 'என்சிக்', திருமதிக்குப் 'புவான்' என்பதையும் மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். என் பம்பை எடுத்துக் காட்டச் சொன்னார். மூச்சு வாங்கும்போது அடிக்கக் கிளினிக்கில் முன்பே கொடுத்த மருந்துப் பம்ப்தான், பையில் எப்போதும் இருக்கும். வாயைத் திறந்து, கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பது மாதிரி இரண்டு தடவை அடித்துக் காட்டினேன்.

"நாக்குக்கு நல்ல மருந்து கொடுத்திருக்கீங்க" என்றார் அவர். "நுரையீரலுக்கு எப்ப கொடுக்கப் போறீங்க?"

ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பம்போடு மாட்டி, அதை வாயில் வைத்து மெதுவாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி விடக் கற்றுக்கொடுத்தார். வித்தியாசம் அன்றே தெரிந்தது. பிறகு போனைக் கேட்டார்.

"நீங்க இருக்கிறது தங்காக். வாராவாரம் இங்க வர முடியாது. அதனால வகுப்பு உங்க போனுக்கு வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம். இதே நோய் உள்ளவங்க இருப்பாங்க. எப்படி மூச்சு விடுறது, எப்படிப் பலம் ஏத்துறது, எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணும், எல்லாம் சொல்லுவேன். தினமும் ஒரு வண்ணம் அனுப்பணும். பச்சைன்னா வழக்கம்போல. மஞ்சள்னா மூச்சு கூட வாங்குது, சளி நிறம் மாறுது. சிவப்புன்னா எனக்கு அனுப்பாதீங்க, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க."

போனில் மூச்சு விடக் கற்றுக்கொடுப்பார்களாம். மனதுக்குள் சிரித்தேன். எனக்கு டைப் பண்ண வராது என்றேன். "வாய்ஸ் அனுப்புங்க. எத்தன வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குறீங்கன்னு அதுலயே எனக்குத் தெரிஞ்சிரும்" என்றார். சிரிப்பு நின்றது. இந்த அம்மாளிடம் பொய் சொல்ல முடியாது.

அரசு ஆஸ்பத்திரி என்பதால் பில் ஒரு பட்டுப்புடவை விலைகூட வரவில்லை. என் மச்சான் ரவி, பத்மாவின் தம்பி, சட்டைப் பையில் இருந்ததைக் கொடுத்து முடித்துவிட்டு என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தான். பெரிய செலவு வாசலில் நின்றது. ஓடாத வேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாம்பிராணி வாசம். கோயிலுக்குள் வந்த மாதிரி இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பத்மா பேசிய பேரம் இதுதான்: முகமூடி கழன்று நான் உயிரோடு வீடு வந்தால், ஒரு மண்டலம் காலையும் மாலையும் மாரியம்மனுக்குச் சாம்பிராணி போடுவது. அவள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, தூபக்காலில் கரி கனன்றதும் பொடியை அள்ளிப் போட்டு, அறை அறையாகக் காட்டுவாள். என் கட்டிலைச் சுற்றி மூன்று முறை. நான் கண்ணை மூடிப் புகையைக் கையில் அள்ளி ஒத்திக்கொள்வேன். என்னைக் காப்பாற்றியது எதுவோ அதற்கு மரியாதை கொடுக்க வேண்டாமா?

மூச்சு வகுப்பும் தொடங்கியது. போனில் கட்டம் கட்டமாக முகங்கள். எனக்குப் பழக்கமானவர்கள் இரண்டு பேர். பத்து பாகாட் என்ற ஊரில் துணி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அங்கிள் டான். மூவார் என்ற ஊரில் இருக்கும் மாக்சிக் ஹலிமா; மாக்சிக் என்றால் மாமி. அவர் மூக்கில் எப்போதும் ஒரு மெல்லிய டியூப் இருக்கும். நான் எதைக் கண்டு பயந்தேனோ அது அந்த டியூப்தான். முதல் வாரங்களில் அவர் கட்டத்தைப் பார்ப்பதையே தவிர்த்தேன்.

புவான் ரோஸ்னா கற்றுக்கொடுத்தவை பார்க்கச் சின்ன விஷயங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான தேநீரை ஆற்றுவது மாதிரி நிதானமாக விடுவது. இழுத்த நேரத்தைவிட விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே தேங்கிய காற்று காலியாகும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் தூக்குவது. குளிக்கும்போது உட்கார்ந்து குளிப்பது. படி ஏறும்போது மூச்சை விட்டுக்கொண்டே ஏறுவது. கால் தசைக்குப் பலம் வந்தால் அது குறைந்த காற்றிலேயே வேலை செய்யும் என்றார். நல்ல இன்ஜின் பெட்ரோலை மிச்சம் பிடிப்பது மாதிரி.

எல்லாம் செய்தேன். சிகரெட்டைத் தொடவில்லை. ஆனாலும் மூச்சு தேறவில்லை. விரலில் மாட்டும் கிளிப் ஒன்றை ரவி வாங்கிக் கொடுத்திருந்தான். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண்ணில் காட்டும். தொண்ணூறுக்கு மேல் இருந்தால் எனக்கு நிம்மதி. அது தொண்ணூறுக்குக் கீழே போய்ப் போய் வந்தது. காலையில் இருமல். மாலையில் இருமல். நான் அனுப்பிய வண்ணம் மஞ்சள், மஞ்சள், மறுபடி மஞ்சள். டாக்டர் வீட்டில் வைத்திருக்கச் சொன்ன மாத்திரையை, அவர் சொன்னபடி மஞ்சளில் ஒருமுறை எடுத்தும் முடித்துவிட்டேன்.

ரவி ஒருநாள் டுரியான் பழ வியாபாரி ஒருவரைக் கூட்டி வந்தான். அவர் வேனைச் சுற்றி வந்தார், உள்ளே ஏறி உட்கார்ந்தார், ஹாரனை அடித்துப் பார்த்தார். பிறகு ரவி மட்டும் வீட்டுக்குள் வந்தான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா நான்தான் இஞ்சின ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன். நிக்கிற வண்டி கெட்டுப் போயிரும். நல்ல வெலைக்குக் கேக்குறாரு."

"ஆஸ்பத்திரி சோதனை முடியட்டும், மச்சான். மெஷின்னு சொன்னா நானே சாவியக் கொடுத்துர்றேன்."

"சாவியக் கேக்கல மாமா. ஒங்க ஒடம்பத்தான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் மேல் தப்பு இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் புவான் ரோஸ்னா என்னை நிறுத்தினார்.

"என்சிக் மணியம், உங்க படம் கலங்கலா இருக்கு. கேமராவத் துடைங்க லா."

சட்டை நுனியால் துடைத்தேன்.

"இன்னும் அப்படியேதான் இருக்கு."

எச்சில் தொட்டுத் துடைத்தேன்.

அங்கிள் டான் சொன்னார்: "அவரு ஏற்கெனவே மேல போயிட்டாரு போல. பின்னாடி மேகம் தெரியுது பாருங்க."

"நீங்க முன்னாடியே போயி எடம் புடிச்சு வச்சிருப்பீங்கன்னு பாத்தேன், அங்கிள், ஆளக் காணோம்" என்றேன். எல்லாரும் சிரித்து, எல்லாரும் இருமினோம். எங்கள் வகுப்பில் ஜோக் சொன்னால் அதன் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேச முடியாது.

வழக்கமாக வகுப்பு முடிந்ததும் புகை போடும் பத்மா அன்று முன்பே தொடங்கி, மற்ற அறைகளை முடித்துவிட்டு, அந்த நேரத்தில்தான் எனக்குப் பின்னால் தூபக்காலோடு வந்தாள். ஒரு கையால் மணி அடித்துக்கொண்டே என்னைச் சுற்றி மூன்று முறை புகை காட்டினாள். போனில் இருந்த முகங்கள் அனைத்தும் அசையாமல் பார்த்தன.

"அலமாக்!" என்று பதறினார் மாக்சிக் ஹலிமா. "அது கெமென்யான் லா!"

சாம்பிராணிக்கு மலாயில் அதுதான் பேர். நாங்கள் சாமிக்குப் போடுவதை அவர்கள் வீடுகளிலும் ஒரு காலத்தில் வியாழக்கிழமை இரவுகளில் போடுவார்களாம்.

"எவ்வளவு நாளா இது?" என்றார் புவான் ரோஸ்னா. குரல் மாறவில்லை.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள்லேருந்து. காலையிலயும் சாயங்காலமும். கதவு ஜன்னல் எல்லாம் நல்லாச் சாத்திட்டுத்தான் போடுறோம்" என்றேன், பெருமையாகவே.

மாக்சிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப நீங்க சிகரெட்ட விடல, மணியம். வீட்டையே சிகரெட்டா மாத்தி உள்ள உக்காந்திருக்கீங்க."

புவான் ரோஸ்னா பக்குவமாகச் சொன்னார். ஒடுங்கிய குழாய்க்குப் புகை புகைதான். அது எங்கிருந்து வருகிறது என்று நுரையீரலுக்குத் தெரியாது. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, குப்பை எரிப்பது எல்லாம் ஒன்றுதான். என் மஞ்சளுக்கெல்லாம் காரணம் அகப்பட்டுவிட்டது என்று வகுப்பே ஆறுதலாக மூச்சு விட்டது. பத்மாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். தூபக்காலோடு சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் பின்னால் போனேன்.

"அந்தக் கப்பல் பொகை, சிகரெட்டுப் பொகை ஒங்கள ஒண்ணும் பண்ணல. நான் சாமிக்குப் போடுற பொகைதான் கொன்னுருச்சு, இல்ல?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"நீங்க சொல்லல. ஒங்க போன் கும்பல் சொல்லுது."

"பத்மா, கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கலாமே."

"வேண்டுதல பாதியில நிறுத்துவாங்களா? குடுத்த உசுர அம்மா திருப்பிக் கேட்டா நான் யார்கிட்ட போய் நிக்கிறது?" சொல்லிக்கொண்டே தூபக்காலில் கரியைக் கிண்டினாள். முகமூடி கழன்றது எதனால் என்று டாக்டருக்கு ஒரு கணக்கு, அவளுக்கு ஒரு கணக்கு. அவள் கணக்கை நான் எந்த உரிமையில் அழிப்பது?

மறுநாள் மாக்சிக் ஹலிமா என் போனுக்குக் கூப்பிட்டார். என்னோடு பேச அல்ல. "உன் பொண்டாட்டிகிட்ட கொடு" என்றார். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். சமையல், முழங்கால் வலி, பிள்ளைகள். பிறகு மாக்சிக் போனைத் திருப்பி, தன் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்த மெஷினைக் காட்டினார். அதிலிருந்து நீண்டு வந்த டியூப்பைக் காட்டினார்.

"இது வந்ததுலேருந்து இது பக்கத்துல நெருப்பே ஆகாது, பத்மா. ஆக்சிஜன் பக்கத்துல சின்னப் பொறி பட்டாலும் குப்புனு புடிச்சிரும். அடுப்புகிட்ட நான் போறது இல்ல. மருமகதான் சமைக்கிறா. மெழுகுவத்தி இல்ல, கெமென்யான் இல்ல, தீக்குச்சி இல்ல."

"வெளக்கு?" என்றாள் பத்மா.

"டியூப் இருக்கிற எடத்துல எதுவும் இல்ல."

எங்கள் வீடு சின்னது. சாமி மாடத்துக்கும் என் கட்டிலுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். பத்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு மாடத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்த விளக்கை ஏற்றாத சாயங்காலம் கிடையாது. எனக்கு மெஷின் வந்தால் அந்த விளக்கும் இல்லை. சொல்ல வேண்டியதை மாக்சிக் சொல்லி முடித்திருந்தார்.

சாயங்காலம் ஆனதும் ஒரு தூக்குவாளியில் கரியும், பொட்டலத்தில் சாம்பிராணியும், கையில் தூபக்காலுமாக வாசலில் வந்து நின்றாள்.

"கெளம்புங்க."

"எங்க?"

"கோயிலுக்கு. அம்மாவுக்கு நான் அவ வீட்டுலயே போய்ப் போட்டுர்றேன். நீங்க வெளிய வேலிகிட்ட நில்லுங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு மறுபக்கம். நடந்துதான் போறோம். வேண்டுதல் ஒங்களுக்குத்தான, நான் மட்டும் நடந்தா எப்படி?"

"பூசாரி சம்மதிப்பாரா?"

"கேட்டுட்டுத்தான் வந்தேன். நான் என்ன ஒங்கள மாதிரி கேக்காம கெளம்புறவளா?"

மாரியம்மன் கோயில் எங்கள் தெருவிலிருந்து ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. காரில் போகிறவர்களுக்கு அது மேடு என்றே தெரியாது. எனக்குத் தெரியும். முதல் நாள் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு அடிக்கு ஒரு இழுப்பு, நான்கு அடிக்கு ஒரு ஊதல். பத்மா முன்னால் போனாள். நான் நிற்கும் இடத்திலெல்லாம் அவளுக்கும் நிற்க ஏதோ காரணம் இருந்தது. ஒரு வீட்டுக்காரியிடம் முருங்கைக்கீரை கேட்டாள். இன்னொரு வாசலில் பூச்செடியை விசாரித்தாள். செருப்பு வார் அறுந்ததா என்று பார்த்தாள். ஒருமுறைகூடத் திரும்பி என்னைப் பார்த்து, "முடியலையா?" என்று கேட்கவில்லை. அந்த மேட்டில் எனக்குக் கிடைத்த பெரிய மருந்து அதுதான்.

வீட்டில் ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். மாடத்தில் ஒரு சின்ன எண்ணெய் விளக்கு மட்டும், காற்றோட்டமாக. புவான் ரோஸ்னாவிடம் கேட்டுத்தான். இருமல் முதலில் காலையில் நின்றது. பிறகு மாலையில். விளக்குக் கம்பங்களில் ஒன்று விட்டு ஒன்று நின்றேன். பிறகு பாதி மேட்டில் ஒரே ஒருமுறை நின்றேன். பத்மாவுக்குப் பூச்செடி விசாரிக்க நேரம் கிடைக்காமல் போனது. நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டுவிட்டு புவான் ரோஸ்னா, "என்சிக், இன்னிக்கு நீங்க பேசிக்கிட்டே போறீங்க, நிறுத்தவே மாட்டேங்கிறீங்க" என்றார். வண்ணம் கேட்டார். "பச்சை" என்றேன். அங்கிள் டான் குழுவில் பச்சைப் பசேலென்று ஒரு வாழை இலைப் படம் போட்டார்.

மண்டலம் முடிந்த அன்று, இனி நடக்க வேண்டாமோ என்று நினைத்தேன். "இன்னொரு மண்டலம் வேண்டிக்கிட்டேன்" என்றாள் பத்மா. "சோதனை முடியிற வரைக்கும்."

சோதனை நாளில் ரவிதான் காரில் கூட்டிப் போனான். டுரியான் வியாபாரி மறுபடி கேட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். காத்திருக்கும் அறையில் எங்கள் எதிரில் ஒருவர் உருளும் சிலிண்டரோடு உட்கார்ந்திருந்தார். டியூப் மூக்கில். பத்மா அவரைப் பார்க்காமல் என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

முதலில் நாடி இரத்தம். வலித்தது, எதிர்பார்த்துத்தான் போனேன். பிறகு ஊதும் சோதனை. பிறகு ஆறு நிமிட நடை: நீண்ட நடைபாதையில் இரண்டு முனையிலும் கூம்பு வைத்திருப்பார்கள், விரலில் கிளிப்போடு ஆறு நிமிடமும் போய்ப் போய் வர வேண்டும். ஓடக் கூடாது. நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. அங்கேதான் புவான் ரோஸ்னாவை நேரில் பார்த்தேன். என் தோள் உயரம்கூட இல்லை. போனில் அவரைப் பெரிய ஆளாக நினைத்திருந்தேன்.

"மேடு இல்ல இங்க, என்சிக். தரைதான்" என்றார். "நடங்க."

நடந்தேன். முதல் பாதி சுகமாகப் போனது. அதன் பிறகு நெஞ்சு கனக்க ஆரம்பித்தது. கிளிப்பைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துப் பார்த்துவிட்டேன். எண் இறங்கிக்கொண்டிருந்தது. பழைய மணியமாக இருந்தால் அங்கே பயந்து, வாயைப் பிளந்து காற்றை அள்ளி அள்ளிப் போட்டிருப்பேன். நிரம்பிய வேனில் மறுபடி சரக்கு. இப்போது வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். உதட்டைக் குவித்தேன். இரண்டு அடி, நான்கு அடி. காலி செய், பிறகு ஏற்று. எண் நின்றது. அப்புறம் ஒன்று ஏறியது. நான் நிற்கவில்லை. கடைசித் திருப்பத்தில் கதவோரம் பத்மா கைகூப்பி நிற்பது தெரிந்தது. இந்தத் தடவை என்ன பேரமோ.

டாக்டர் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"அங்கிள், ஊதுற சோதன ஏறக்கொறைய பழையபடிதான். நுரையீரல் புதுசா மொளைக்கல. ஆனா சும்மா இருக்கும்போது ஆக்சிஜன் நல்லா இருக்கு. நடக்கும்போது எறங்கினாலும் தாங்கிக்குது. மெஷின் வேண்டாம்."

"வேன் ஓட்டலாமா?"

"மூட்டைய பிரிச்சுப் பிரிச்சுத் தூக்குங்க. பம்ப மறந்துராதீங்க. ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போடுங்க. வெள்ளிக்கிழம வகுப்ப விடாதீங்க."

வெளியே வந்ததும் ரவி என்னைப் பார்த்தான். "வேண்டாம்னுட்டாங்க" என்றேன். எது வேண்டாம் என்று அவன் கேட்கவில்லை. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பிறகு போனை எடுத்து டுரியான்காரரைக் கூப்பிட்டு, "பாஸ், வேற வண்டி பாத்துக்குங்க" என்றான். பத்மா மட்டும் ரொம்ப நிதானமாக, "யாரு கொணமாக்கினது, போனா, அம்மாவா?" என்று கேட்டாள். நான் இருவருக்கும் நன்றி சொன்னேன். இதில் ஒருவரைப் பகைத்துக்கொள்ள எனக்கு மூச்சு போதாது.

தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை பத்து பாகாட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசை முன்னால், வேனை நிறுத்தியிருந்தேன். பின்கதவைத் தூக்கி, புடவைகளை விரித்திருந்தேன். பெண்கள் கூட்டம். அந்த நேரத்தில் வகுப்பு வந்துவிட்டது. போனைக் கதவில் சாய்த்து வைத்து, வேனின் பின் விளிம்பையே நாற்காலியாக வைத்து எழுந்து உட்கார ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறை எழும்போதும் உதட்டைக் குவித்து ஊத வேண்டும். நடுவில் பேசக் கூடாது.

ஒரு அக்கா மயில்கழுத்து நிறப் புடவையைப் பிரித்துப் பார்த்து, எங்கள் ஊர்ப் பணமான வெள்ளியில் ஒரு விலை கேட்டார். நான் ஊதிக்கொண்டிருந்தேன்.

"என்னாண்ணே, பதில காணோம்? சரி, இன்னும் அஞ்சு வெள்ளி போட்டுக்குங்க."

எழுந்தேன். ஊதினேன்.

"அலமாக், என்னா கிராக்கி! சரி, பத்து வெள்ளி. அதுக்கு மேல இல்ல, சொல்லிட்டேன்."

போனிலிருந்து அங்கிள் டான் கத்தினார்: "பேசாத மணியம்! ஊது, ஊது! இன்னும் ஏறும்!"

வகுப்பே சிரித்து இருமியது. அக்காவுக்கு விஷயம் விளங்கி, புடவையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அவருக்கு முதலில் கேட்ட விலைக்கே கொடுத்தேன்.

"என்சிக் மணியம்," என்றார் புவான் ரோஸ்னா, "வியாபாரம் முடிஞ்சுதுன்னா இன்னும் அஞ்சு தடவ பாக்கி இருக்கு."

எழுந்தேன். அடுத்த லயத்துக்கும் அன்று வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தேன்.